கஞ்சியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இளக்கிக் கொடுங்கள்

நீளமான பதிவு. வீட்டில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் என்னோடு சண்டை போடவாவது படியுங்கள். நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே.

போன வாரம் திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. "டீச்சர், என்னைத் தெரியலையா?" என்றாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். கணவர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறார். பையனுக்குப் பதினான்கு மாதம். எடை ஏழு கிலோ எண்ணூறு. பால்வாடியில் "எடை பத்தலை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் நானூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு டப்பா வாங்குகிறாள். டப்பாவில் உயரமான ஒரு பையன் படம்.

"ஏம்மா, பால்வாடியில சத்துமாவு குடுக்கறாங்களே, அது என்ன ஆச்சு?"

"அத யாரு டீச்சர் சாப்பிடறா? கோழிக்குப் போட்டுட்டேன்."

"கஞ்சி குடுக்கறியா?"

"குடுக்கறேன். கெட்டியா குடுத்தா துப்பிடறான். அதான் தண்ணியா கரைச்சு ஊத்தறேன். ஒரு டம்ளர் குடிச்சிடுவான்."

இதில் எந்தத் தவறும் அந்தப் பெண்ணுடையது அல்ல. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன். குழந்தைக்காக நானூறு ரூபாயை யோசிக்காமல் எடுத்து வைத்தவள் அவள். அவளுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயத்தை நாம் யாரும் சொல்லவில்லை. "நாம்" என்பதில் முதல் ஆள் நான்.

முதலில் கணக்குப் பார்ப்போம். கணக்கு வாத்தியார் வேலையும் பார்த்தவள்தானே.

சின்னக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி. இந்தப் பையனுக்கு 230 மில்லி சொச்சம். அதாவது ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் ஊட்டினால் கக்கிவிடுவான். தாய்ப்பால் குடிக்கும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாலுக்கு மேல், சாப்பாட்டிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் 550 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

எந்தத் தானிய மாவும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. ஒரு டம்ளர் தண்ணீரில் 10 கிராம் மாவு போட்டுக் காய்ச்சினால் குழந்தை மடமடவென்று குடிக்கும் பதத்தில் கஞ்சி வரும். அதில் 35 கலோரி. 550 கலோரிக்கு இந்தக் கஞ்சி பதினைந்து டம்ளருக்கு மேல் வேண்டும். எந்தக் குழந்தை குடிக்கும்? அதே டம்ளரில் 40 கிராம் மாவு போட்டால் 140 கலோரி. நான்கு டம்ளரில் வேலை முடிந்துவிடும். ஆனால் 40 கிராம் போட்டால் அது கஞ்சியாக இருக்காது, களியாக இருக்கும். கரண்டி நிமிர்ந்து நிற்கும். அதைத்தான் பையன் துப்புகிறான்.

ஆக, தண்ணீர் ஊற்றினால் வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை. ஊற்றாவிட்டால் உள்ளேயே போவதில்லை. வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் குழந்தை "நல்லா சாப்பிடறான், ஆனா உடம்பு ஏறலை" என்பதற்குப் பின்னால் இந்த டம்ளர் கணக்கும் இருக்கிறது. வயிற்றுப்போக்கு, பூச்சி, கெட்ட தண்ணீர் எல்லாம் வேறு காரணங்கள், அவற்றை மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒன்று நம் அடுப்படியிலேயே தீர்க்கக்கூடியது.

எப்படி? ஒரே ஒரு தேக்கரண்டி முளைகட்டிய கேழ்வரகு மாவு. அவ்வளவுதான்.

இப்போது பாடம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த நீளமான சங்கிலி. பச்சை மாவில் அந்தச் சங்கிலிகள் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்டிருக்கும். தண்ணீரோடு சூடாக்கினால் உருண்டைகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கஞ்சி கெட்டியாவது அதனால்தான்.

விதை ஏன் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது? நமக்காக அல்ல, தன் குஞ்சுச் செடிக்காக. விதை தண்ணீரில் ஊறியதும் உள்ளே இருக்கும் கரு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. ஜிப்பெரெல்லின் என்று பெயர். அந்தச் செய்தி கிடைத்ததும் விதையின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் ஒரு செல் அடுக்கு, அமைலேஸ் என்ற நொதியைத் தயாரிக்கிறது. அது மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டி, முளைக்கு உணவாக அனுப்புகிறது. இதில் ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். பீட்டா அமைலேஸ் முனையிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கத்தரிக்கும். அந்த இரட்டை மணிதான் மால்டோஸ். முளைகட்டிய தானியம் லேசாக இனிப்பது அதனால்தான்.

கெட்டிக் கஞ்சியில் முளைமாவைப் போட்டால் நடப்பதும் இதேதான். கத்தரிக்கோல் நுழைந்து சங்கிலிகளை நடுநடுவே வெட்டுகிறது. சிக்கல் அவிழ்கிறது. கரண்டி நின்ற களி, பத்து நிமிடத்தில் குடிக்கும் பதத்துக்கு இளகுகிறது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேரவில்லை. மாவு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அதே 140 கலோரி. நீர்ப்பது வேறு, இளகுவது வேறு. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

இது நான் கண்டுபிடித்தது அல்ல. 1833-இல் பிரான்ஸில் பாயன், பெர்சோ என்ற இரண்டு பேர் முளைகட்டிய பார்லியிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 'டயஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதி அதுதான். அமைலேஸ், லைபேஸ் என்று நொதிப் பெயர்கள் 'ஏஸ்' என்று முடிவதும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான். 1865-இல் ஜெர்மனியில் லீபிக் என்ற பெரிய வேதியியல் அறிஞர் கோதுமை மாவு, பால், முளைகட்டிய தானிய மாவு சேர்த்துக் குழந்தைகளுக்கான கஞ்சி ஒன்றுக்குச் செய்முறை எழுதினார். 1873-இல் அமெரிக்காவில் ஹார்லிக் சகோதரர்கள் தொடங்கிய தொழிலும் முளைகட்டிய பார்லி, கோதுமை, பால்தான். 'மால்ட்' என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம். வேறு மந்திரம் எதுவும் இல்லை. உங்கள் டப்பாவின் மேல் பெருமையாக அச்சடித்திருக்கும் 'மால்ட்' என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பெயர் முளைமாவு.

தொழிற்சாலைகள் இந்தக் கத்தரிக்கோலை எப்போதோ கையில் எடுத்துக்கொண்டன. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்தது. நெய்வதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், நூல் அறாமல் இருக்க. நெய்து முடித்ததும் அந்தக் கஞ்சியை எடுத்தால்தான் சாயம் ஏறும். அதை எடுக்க ஆலைகள் ஒரு காலத்தில் முளைகட்டிய பார்லிச் சாற்றைப் பயன்படுத்தின. இன்று பாக்டீரியாவிலிருந்து எடுத்த அமைலேஸைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் வாங்கும் சில சலவைத் தூள்களிலும் அமைலேஸ் இருக்கிறது, சட்டையில் ஒட்டிய சோற்றுக் கறையை எடுக்க. பீர் ஆலை முளைகட்டிய பார்லி இல்லாமல் ஓடாது. மரவள்ளி மாவிலும் மக்காச்சோள மாவிலும் இருந்து குளுக்கோஸ் பாகு எடுப்பதும் நொதியை வைத்துத்தான்.

சட்டைக்குக் கிடைத்த அறிவியல், பீருக்குக் கிடைத்த அறிவியல், குழந்தையின் டம்ளருக்கு மட்டும் வந்து சேரவில்லை. இதைக் கேட்டுக் கோபம் வராதவர்கள் தயவுசெய்து அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள்.

ஆராய்ச்சி இல்லை என்று சொல்ல முடியாது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாரா கோபால்தாஸ் 1980-களிலேயே இதைச் செய்து காட்டினார். கோதுமை முதலான தானியங்களை முளைகட்டி அரைத்து, 'அமைலேஸ் மிகுந்த உணவு' என்று பெயர் வைத்து, அதைக் கொஞ்சமே கொஞ்சம் சேர்த்தால் கெட்டிக் கஞ்சி இளகுவதையும், குழந்தைகள் அதிகம் சாப்பிடுவதையும் எழுதினார். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கேழ்வரகு முளைமாவில் நிறைய வேலை செய்திருக்கிறது. சிறுதானியங்களில் முளைகட்டும்போது அமைலேஸ் நன்றாகக் கிடைப்பது கேழ்வரகில்தான். தான்சானியாவில் இதே முளைமாவை 'கிமேயா' என்று சொல்லித் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பது வருஷமாகத் தெரிந்த விஷயம், திருவொற்றியூர் மருந்துக் கடை வரைக்கும் நடந்து வரவில்லை.

ஏன் வரவில்லை? நான்கு பேரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறேன்.

முதல் ஆள், டப்பா. டப்பாவில் சேர்த்த இரும்புச்சத்தும் வைட்டமினும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் வளர்ச்சி என்ற சொல்லை விற்று, உள்ளே சர்க்கரையை வைப்பதைப் பற்றித்தான் என் கேள்வி. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணையக் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்றுக்கு விளக்கமே கிடையாது என்பதுதான் காரணம். அதே மாதம் ஹார்லிக்ஸ் பானங்களின் பிரிவுப் பெயரிலிருந்தும் 'ஹெல்த்' என்ற சொல் போனது. ஐம்பது வருஷம் நாம் நம்பிய சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை! இன்னொன்று. சேர்மானப் பட்டியலில் 'மால்டோடெக்ஸ்ட்ரின்' என்று பார்த்தால், அது மாவுச்சத்தை நொதியால் வெட்டிச் செய்த பொடி என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் சர்க்கரை இல்லை. உடம்புக்குள் போனால் சர்க்கரை மாதிரிதான் வேகமாக நடந்துகொள்ளும்.

இரண்டாம் ஆள், வாட்ஸ்அப் பாட்டி வைத்தியர். "முளைகட்டினால் சத்து நூறு மடங்கு கூடும்", "நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல" என்று காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஐயா, நூறு மடங்கு எதுவும் கூடாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340, 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் முளைகட்டாமலே இருக்கிறது. முளைகட்டினால் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறையும், அதனால் இரும்பு கொஞ்சம் நன்றாகச் சேரும். மற்றபடி நடப்பது நொதி வேலை. இவர்களால் வரும் உண்மையான ஆபத்து வேறு. சர்க்கரை நோயாளிகளுக்கும் "முளைகட்டிய ராகி மால்ட் குடியுங்கள்" என்று அனுப்புகிறார்கள். யோசித்துப் பாருங்கள். சங்கிலியை முன்பே வெட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறுமா, மெதுவாக ஏறுமா? குழந்தைக்கு எது உபகாரமோ அதுவே எனக்கு உபத்திரவம். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, அதனால் சொல்கிறேன். இந்தப் பதிவு குழந்தைக் கஞ்சிக்கு. தாத்தா பாட்டி டம்ளரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

மூன்றாம் ஆள், அரசு. சத்துமாவைக் கொடுக்கிறது, கையெழுத்து வாங்குகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறது. இந்த மாநிலத்துக்கு இது அழகில்லை. நம் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்கு யார் பெயரோ அந்தப் பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்த ஊர் இது. காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டு போனார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளையின் தட்டை இவ்வளவு கவனித்தவர்கள், பள்ளிக்கு வருவதற்கு முந்தைய ஆயிரம் நாட்களின் டம்ளரைக் கோட்டை விட்டால் எப்படி? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. பாதிக்கு மேல், 57 சதவீதம், ரத்தசோகை. முன்னேறிய மாநிலம் என்று மேடையில் பேசும்போது இந்த எண்ணையும் பேசுங்கள்.

மாவு வாசம் பிடிக்கவில்லை, பழசாக வருகிறது என்று தாய்மார்கள் சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "ஓசியில குடுத்தா கோழிக்குப் போடறாங்க" என்று ஏளனம் செய்யும் நடுத்தர வர்க்க நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எப்படிக் காய்ச்சுவது என்று காட்டாமல் கொடுத்த எதுவும் கோழிக்குத்தான் போகும். உங்கள் வீட்டுப் பரணில் பிரிக்காமல் கிடக்கும் ஓவன் மாதிரி.

நான்காம் ஆள், நான். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். "உமிழ்நீரில் உள்ள நொதி எது?" "டயலின்." ஒரு மதிப்பெண். சரி போட்டுச் சிவப்பு மையில் சுழித்தேன். டயலின் என்பதும் அமைலேஸ்தான். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பதும் அதனால்தான். அதுவரைக்கும் சொன்னேன். "இதே நொதி முளைகட்டிய கேழ்வரகில் இருக்கிறது, நாளைக்கு உங்களுக்குத் தம்பி பாப்பா பிறந்தால் கஞ்சியில் ஒரு கரண்டி போடச் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தை ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது, ஓய்வுக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மருந்துக் கடைப் பெண் 'டயலின்' என்று எழுதி என்னிடம் மார்க் வாங்கியவள். அந்த ஒரு மார்க்கால் அவள் பையனுக்கு ஒரு கிராம் எடை கூடவில்லை.

சரி, திட்டியது போதும். செய்முறைக்கு வருகிறேன்.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, ராத்திரி ஊற வையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் அவ்வப்போது நல்ல தண்ணீர் தெளியுங்கள். ஒன்றரை, இரண்டு நாளில் வெள்ளை முளை நன்றாகத் தெரியும். கொழகொழப்பு, பூஞ்சை, கெட்ட வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பிறகு உலர்த்த வேண்டும். எல்லாச் சமையல் குறிப்பிலும் "மொட்டை மாடியில் வெயிலில் காயவைக்கவும்" என்று இருக்கும். எழுதியவர்கள் எண்ணூர்ப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. ராயபுரத்தில் கொடியில் போட்ட வேட்டி கறுத்துப் போன காலத்தை நாம் மறக்கவில்லை. 2011-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி நின்றது, அது எண்ணூர்ப் பக்கம் போனது. அதனால் மாடியில் போடுவதென்றால் மேலே மெல்லிய துணி மூடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பி, மொறுமொறுவென்று காயும்வரை விடுங்கள். காய்ந்ததும் கையால் தேய்த்து முளைவேரை உதிர்த்து, புடைத்து, அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் மூடி வையுங்கள்.

இங்கேதான் எல்லாரும் தவறு செய்யும் இடம். வாசம் வரும்வரை வறுக்காதீர்கள். நொதி ஒரு புரதம். அதிகச் சூட்டில் செத்துவிடும். வறுத்த முளைமாவில் ருசி இருக்கும், சத்து இருக்கும், கத்தரிக்கோல் இருக்காது. கஞ்சி இளகாது. நாம் காலங்காலமாகக் கமகமவென்று வறுத்து அரைக்கும் சத்துமாவு நல்ல மாவுதான், ஆனால் அதற்கு இந்த வேலை தெரியாது. வறுத்த மாவு கஞ்சிக்கு, வறுக்காத முளைமாவு இளக்குவதற்கு என்று இரண்டு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கஞ்சி. பால்வாடிச் சத்துமாவோ வீட்டு மாவோ, ஒரு டம்ளர் தண்ணீருக்கு 40 கிராம், அதாவது நாலைந்து மேசைக்கரண்டி போட்டுக் கெட்டியாக, நன்றாக வேகும்வரை காய்ச்சுங்கள். அடுப்பை அணைத்து, கொதி அடங்கி, விரல் வைத்தால் சுடும் பதத்துக்கு வரட்டும். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், ஆறிப்போன பின் போட்டால் சோம்பேறியாகிவிடும். இப்போது ஒரு தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கிளறி மூடுங்கள். பத்து நிமிடம். திறந்தால் இளகியிருக்கும். பிறகு மறுபடி ஒரு கொதி விடுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. முளைமாவு பச்சை மாவு, அதில் கிருமி இருக்கலாம். வெட்டின சங்கிலி மறுபடி ஒட்டாது, கொதிக்கவிட்டாலும் இளகினது இளகினதுதான். மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது நெய் விட்டால் இன்னும் நாற்பது கலோரி. கஞ்சி மட்டும் போதாது. முட்டை, பருப்பு, முள் எடுத்த மீன் எல்லாம் வேண்டும். காசிமேட்டுப் பிள்ளைக்கு மீன் வாங்க டப்பாக்காரனிடம் போக வேண்டியதில்லை.

மூன்று எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு முன் தாய்ப்பால் மட்டுமே, கஞ்சி வேண்டாம். சோளத்தை முளைகட்டி இப்படிச் செய்யாதீர்கள், சோள முளையில் சயனைடு தரும் பொருள் உண்டு. கேழ்வரகு போதும். குழந்தை மிகவும் மெலிந்திருந்தால், கால் வீங்கியிருந்தால், விடாமல் வயிற்றுப்போக்கு இருந்தால், என் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம்பிக்கை இல்லாதவர்கள் இன்றைக்கு ராத்திரியே சோதித்துப் பாருங்கள். கெட்டிக் கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் முளைமாவு போடுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் சாய்த்துப் பாருங்கள். கடையில் 'ராகி மால்ட்' என்று வாங்கிய பாக்கெட்டையும் இப்படிச் சோதிக்கலாம். இளக்கினால் உயிருள்ள முளைமாவு. இளக்காவிட்டால் ஒன்று வறுத்துக் கொன்றிருக்கிறார்கள், இல்லை வெறும் கேழ்வரகு மாவுக்குச் சர்க்கரை போட்டு மால்ட் என்று விற்கிறார்கள்.

என் கோரிக்கைகள் சின்னவைதான். பால்வாடியில் மாதம் ஒரு நாள் இந்த இரண்டு டம்ளர் சோதனையைத் தாய்மார்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. பாடப்புத்தகத்தில் அமைலேஸ் வரும் பக்கத்தில் இதைச் செயல்பாடாகப் போடுங்கள். நீலகிரிக்கும் தருமபுரிக்கும் 2023-இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்தீர்களே, அதைச் சென்னைக்கும் கொடுங்கள். விரும்பியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

"டீச்சர், நீங்க டாக்டரா?" என்று கீழே யாராவது கேட்பீர்கள். இல்லை. ஆசிரியப் பயிற்சி டிப்ளமா படித்தவள். கஞ்சி காய்ச்ச எம்.பி.பி.எஸ். தேவையில்லை. "ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், முளைகட்ட எங்க நேரம்?" என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தடவை அரைக் கிலோ கேழ்வரகு முளைகட்டினால் ஒரு மாதம் வரும். வேலை பெரும்பாலும் விதை பார்த்துக்கொள்ளும், நீங்கள் துணியை நனைத்தால் போதும்.

அந்தப் பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அழைத்து வந்து காய்ச்சிக் காட்டினேன். டம்ளரைச் சாய்த்ததும், "என்ன டீச்சர், தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டாள். ஊற்றவில்லை என்றேன், நம்பவில்லை. இரண்டாவது தடவை அவளையே செய்யச் சொன்னேன். பையன் முக்கால் டம்ளர் குடித்தான், துப்பவில்லை. எடை கூடியதா என்று கேட்காதீர்கள். ஒரு வாரத்தில் கூடியது என்று எழுதினால் நானும் டப்பா விற்கிறவள் ஆகிவிடுவேன். அடுத்த மாதம் பால்வாடித் தராசு சொல்லட்டும்.

போகும்போது என் முளைமாவு டப்பாவைக் கொடுத்தனுப்பினேன். "இது பேரு என்ன டீச்சர்?" என்றாள்.

"டயலின்னு எழுதினியே, அதோட அக்கா" என்றேன். சிரித்தாள்.

பகிர்கிறவர்கள் பகிருங்கள். அதைவிட, பக்கத்து வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு போய்ச் செய்து காட்டுங்கள்.